இரத்தத்திலே ஓடும் தூதர்கள்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியிலே மதிப்பெண் போட்டுப் பழகிய கை என்னுடைய கை. அவற்றுள் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து, பிற ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கின்றேன். ஆகவே எந்தத் தாளிலே எந்த எண்ணைக் கண்டாலும், அது கூடியிருக்கின்றதா குறைந்திருக்கின்றதா என்று பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தினால் 2019-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே ஒரு தவறு செய்தேன். இன்று நான் பேச வந்தது, கொடிய அழற்சி நோய்கள் சிலவற்றில் இரத்தத்திலே பெருகும் சைட்டோகைன்கள் என்னும் நுண்ணிய பொருள்களைப் பற்றி. எனினும் அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகின்றேன். அதைச் சொன்னால்தான் இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்த காரணம் உங்களுக்கு விளங்கும்.

என் தங்கையின் பேரனுக்கு அப்பொழுது வயது ஐந்து. வீட்டை அடுத்த புதர்ப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் சென்றும் தணியவில்லை. எங்கள் ஊர் மருத்துவர் அவன் அக்குளிலே ஒரு சிறு கருகிய புண்ணைக் கண்டுபிடித்தார். உண்ணிக் காய்ச்சல் என்றார். புல்லிலும் புதரிலும் வாழும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதனால் வருவது அது. உரிய மருந்தைத் தொடங்கினார், இரத்தத்தையும் சோதித்தார். அந்தத் தாளில் ஈ.எஸ்.ஆர். என்ற எழுத்துகளுக்கு எதிரே 82 என்று குறித்திருந்தது. உடம்பில் அழற்சி மிகுந்தால் இந்த எண் ஏறும் என்பது எனக்குத் தெரியும். மூன்று நாள் மருந்து சாப்பிட்ட பின்னும் காய்ச்சல் விடவில்லை. குழந்தை வெளுத்துப் போனான். வயிற்றின் இடப்பக்கத்தைத் தொட்டால் மண்ணீரல் தட்டுப்பட்டது. நகரத்திலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மறுநாள் காலையில் வந்த தாளிலே ஈ.எஸ்.ஆர். 14 என்றிருந்தது.

எண்பத்திரண்டு பதினான்காக இறங்கிவிட்டது! என் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன அண்ணா, குறைந்திருக்கிறதா?" என்று கேட்டாள். "நன்றாகக் குறைந்திருக்கிறது, அம்மா. மருந்து பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றேன். அவள் தாழ்வாரத்துக்குச் சென்று ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் தொலைபேசியில் அந்த நற்செய்தியைச் சொல்லிவிட்டாள்.

சற்று நேரத்தில் குழந்தைகள் பிரிவின் மருத்துவர் வந்தார். இளம் வயதுப் பெண்மணி. இரவெல்லாம் விழித்திருந்தவர் என்பது கண்களிலே தெரிந்தது. நான் தாளைக் காட்டி என் மகிழ்ச்சியைத் தெரிவித்தேன். அவர் முகம் மலரவில்லை. "ஐயா, இந்த எண் குறைந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதற்குப் பொருள் என்ன? ஈ.எஸ்.ஆர். என்பது மிக எளிய சோதனை. ஸ்வீடன் நாட்டு ஃபாரியஸ் என்பவர் 1918-ஆம் ஆண்டிலே இதை ஆராய்ந்து சொன்னார். வெஸ்டர்கிரன் என்பவர் 1921-இல் அதை ஒழுங்குபடுத்தினார். இரத்தம் உறையாதபடி ஒரு மருந்தைக் கலந்து, ஒரு குறுகிய கண்ணாடிக் குழாயிலே நிறுத்தி வைப்பார்கள். சிவப்பு அணுக்கள் மெல்லக் கீழே படியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று அளப்பார்கள்; அவ்வளவுதான். உடம்பில் அழற்சி இருந்தால் ஈரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை மிகுதியாகச் செய்யும். அந்தப் புரதம் சிவப்பு அணுக்களை நாணயங்களை அடுக்கினாற்போல ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றது. தனித்தனிக் காசைவிட அடுக்குக் கனமானதாகையால் அது வேகமாக இறங்கும். எண் ஏறும்.

இப்பொழுது ஓர் இக்கட்டான நிலையை எண்ணிப் பாருங்கள். அழற்சி எல்லை மீறி, அந்த ஃபைப்ரினோஜனே செலவழிந்து தீர்ந்துபோனால் என்ன ஆகும்? அணுக்களை ஒட்ட வைக்க ஆள் இல்லை. அவை மெதுவாகத்தான் இறங்கும். நோய் ஏற ஏற எண் இறங்கும்! குழந்தையின் ஃபைப்ரினோஜனை அளந்தார்கள். லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது 0.9 கிராம்தான் இருந்தது. நான் தேர்ச்சி என்று படித்த எண் உண்மையிலே அபாய அறிவிப்பு. தாழ்வாரத்தில் நின்ற தங்கையிடம் போய் அதைச் சொன்ன நேரத்தை நான் மறக்கவில்லை.

அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த நோய்க்கு ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ் என்று பெயர். மருத்துவர்களுக்கே நாக்குச் சுளுக்கும் பெயராதலால் எச்.எல்.எச். என்று சுருக்கிச் சொல்கின்றார்கள். இரத்த அணுக்களை விழுங்கும் நோய் என்று சொன்னால் பாதிப் பொருள் வந்துவிடும். இங்கிலாந்திலே ஸ்காட், ராப்-ஸ்மித் என்னும் இருவர் 1939-இல் பெரியவர்களிடம் இத்தகைய நோய் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். 1952-இல் எடின்பரோ நகரிலே ஃபார்குவார், கிளேரோ என்னும் மருத்துவர்கள், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பச்சிளங் குழந்தைகள் இவ்வாறு இறந்ததை எழுதினார்கள். ஆகவே இது சில குடும்பங்களில் பிறவியிலேயே வருவது. வேறு சிலருக்கோ பிறவிக் குறை ஒன்றும் இல்லாமலே, கடுமையான ஒரு தொற்றினால் மூண்டுவிடுகின்றது. நம் நாட்டிலே டெங்கு, மலேரியா, உண்ணிக் காய்ச்சல், கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் ஆகியவை இதை மூட்டிவிடக் கூடியவை. புற்றுநோயும், மூட்டழற்சி நோய்களும்கூட மூட்டிவிடும்.

அணுக்களை அணுக்களே விழுங்குவானேன்? நம் உடம்பிலே காவற்படை ஒன்று உண்டென்பது நீங்கள் அறிந்ததே. அதில் கொல்லும் தொழிலுடைய வெள்ளை அணுக்கள் சில. கிருமி புகுந்த ஓர் உயிரணுவைக் கண்டால் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதிலே துளை போடும், உள்ளே நச்சைச் செலுத்தும், எதிரி சாகும், கொன்ற அணு விலகி வேறு வேலைக்குப் போகும். பெர்ஃபோரினை உண்டாக்கும் மரபணுவிலே பழுது இருந்தால் இந்த நோய் வரும் என்பது 1999-இல் தெரிந்தது. துளை போட இயலாத அணு எதிரியை விட்டு விலகுவதில்லை. ஒட்டிக்கொண்டே நின்று, "உதவி, உதவி" என்று கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் கூவலைக் கேட்டு மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் வெறி கொண்டு எழுகின்றன. கிருமியை விழுங்க வேண்டியவை சிவப்பு அணுக்களையும், தட்டணுக்களையும், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் விழுங்கத் தொடங்குகின்றன.

அந்தக் கூவல்தான் சைட்டோகைன். ஓர் அணு மற்றோர் அணுவுக்கு அனுப்பும் சிறு புரதத் தூது. 2020-ஆம் ஆண்டிலே கொரோனாக் காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்ற சொற்றொடர் டீக்கடைப் பேச்சில்கூட அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தூதர்களில் முதலில் புகழ் பெற்றது இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டன் நகர மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்திலே அலிக் ஐசக்ஸ் என்பவரும், ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ழான் லிண்டென்மன் என்பவரும் அதைக் கண்டார்கள். கோழி முட்டையின் சவ்விலே ஒரு வைரஸ் பட்டுவிட்டால் அடுத்து வரும் வைரஸுக்கு அந்தச் சவ்வு எளிதில் இடம் கொடுப்பதில்லை. இடையூறு செய்யும் ஏதோ ஒரு பொருள் வெளிப்படுகின்றது என்று காட்டினார்கள். 'இன்டர்ஃபியர்' என்றால் குறுக்கிடுதல். அதிலிருந்து வந்த பெயர் அது. பின்னர் பெயர்கள் பெருகின. ஒரே பொருளை நான்கு ஆராய்ச்சி நிலையங்கள் நான்கு பெயரால் அழைத்த குழப்பமும் உண்டு. 1979-இல் ஸ்விட்சர்லாந்தில் கூடிய அறிஞர்கள் இன்டர்லியூக்கின் என்று பொதுப்பெயர் வைத்து எண் கொடுக்கத் தொடங்கினார்கள். எண் கொடுப்பது நல்ல வழக்கம். வருகைப் பதிவேடு எழுதுகின்றவனுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, இந்தத் தூதர்களை அளப்பது எப்படி என்று பார்ப்போம். இரத்தத்தில் இவை இருக்கும் அளவைப் பிகோகிராம் என்ற அலகாலே சொல்வார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக வகுத்தால் வருவது ஒரு பிகோகிராம். இதை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்குச் சொல்கின்றேன். வீட்டிலே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம் உள்ள ஓர் ஏரி. அதிலே ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். அந்த ஏரி முழுதிலும் ஒரு கிராம் உப்பு, அதாவது இரண்டு மூன்று சிட்டிகை உப்பு, போட்டுக் கரைத்தால், ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் இருக்கும் உப்பு ஒரு பிகோகிராம். நலமாக உள்ள ஒருவருடைய இரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6 என்னும் தூது இத்தகைய சிட்டிகை அளவிலேதான் இருக்கின்றது. அந்த ஏரியில் ஒரு சொம்பு மொண்டு, இன்றைக்கு எத்தனை சிட்டிகை என்று சொல்லிவிடுகின்றார்கள்! 1971-இல் ஸ்டாக்ஹோம் நகரத்திலே எங்வால், பெர்ல்மன் என்போர் வகுத்த எலைசா என்ற முறை இதற்கு வழி திறந்தது. ஒரு தட்டிலே ஒட்டி வைத்த எதிர்ப்பொருள் வேண்டிய புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். மேலே வரும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒரு நொதியைச் சுமந்து வரும். நொதி நிறத்தை உண்டாக்கும். நிறத்தின் அடர்த்தியே அளவு.

அளக்க முடிகின்றது என்பதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சைட்டோகைன் பெரும்பாலும் பக்கத்து அணுவுக்கென்று அனுப்பப்படும் தூது. வெளிப்பட்ட இடத்திலேயே செலவழிந்துவிடும். இரத்தத்துக்கு வந்து சேர்வது எச்சம்தான். பள்ளியிலே சண்டை நடக்கின்றது என்று கேள்விப்பட்டுத் தலைமையாசிரியர் ஓடுவார். அவர் போய்ச் சேரும்பொழுது யாரும் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகளாய் நிற்பார்கள். தரையில் ஓர் அறுந்த பொத்தான் கிடக்கும். அந்தப் பொத்தானை வைத்துத்தான் சண்டை எவ்வளவு பெரியது என்று அறிய வேண்டும்.

மருத்துவ அறிஞர்களும் இவ்வாறு பொத்தான் தேடியிருக்கின்றார்கள். டி அணுக்கள் கிளர்ச்சி கொள்ளும்பொழுது அவற்றின் மேற்புறத்திலே இன்டர்லியூக்கின்-2 என்ற தூதை வாங்கும் ஏற்பிகள் மிகுதியாக முளைக்கின்றன. அவற்றின் ஒரு துண்டு அறுந்து இரத்தத்தில் மிதக்கின்றது. 1985-இல் இதைக் கண்டார்கள். எச்.எல்.எச். நோயாளரிடத்திலே இந்தத் துண்டு மிக அதிகம். அவ்வாறே, இந்த நோயின் முக்கிய தூதாகிய இன்டர்ஃபெரான் காமாவை நேரே அளப்பது கடினம். ஆனால் அது பட்ட அணுக்கள் சி.எக்ஸ்.சி.எல். 9 என்ற மற்றொரு புரதத்தை ஏராளமாக வெளியிடுகின்றன. வண்டி போய்விட்டாலும் புழுதி அடங்க நேரமாகும் அல்லவா? புழுதியை அளந்தால் வண்டியின் வேகம் தெரியும்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நோயின்பொழுது ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு சைட்டோகைன்கள் ஒருங்கே உயர்கின்றன. எது நோயை நடத்துகின்றது, எது வெறுமனே உடன் ஓடுகின்றது? அளவு மட்டும் இதற்கு விடை சொல்லாது. அமெரிக்காவிலே மைக்கேல் ஜோர்டான் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 2004-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். (பெயரைக் கேட்டதும் கூடைப்பந்தை நினைக்க வேண்டாம், இவர் வேறு.) பெர்ஃபோரின் இல்லாத சுண்டெலிகளுக்கு ஒரு வைரஸைக் கொடுத்தார்கள். காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக் குறைவு என்று மனிதருக்கு வருவது போன்ற நோயே வந்தது. பல சைட்டோகைன்களும் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக எதிர்ப்பொருள் கொடுத்து அடக்கிப் பார்த்தார்கள். மற்றவற்றை அடக்கியபொழுது எலிகள் பிழைக்கவில்லை. இன்டர்ஃபெரான் காமாவை அடக்கியபொழுது பிழைத்தன. அந்த எலிகளிலிருந்து தொடங்கிய பாதை 2018 நவம்பரில் எமபாலுமாப் என்ற மருந்தை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டதில் வந்து சேர்ந்தது. முன்பு கொடுத்த மருந்துகளுக்கு இணங்காத 27 குழந்தைகளில் 17 பேருக்கு அது பயன் தந்தது என்று 2020-இல் வெளியிட்டார்கள். மருந்து வேலை செய்கின்றதா என்று பார்க்க அவர்கள் கவனித்த குறிகளில் நாம் சொன்ன புழுதியும் ஒன்று.

பிலடெல்பியா நகரத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டு. இரத்தப் புற்றுநோய் கொண்ட ஆறு வயதுச் சிறுமி. அவளுடைய டி அணுக்களையே வெளியே எடுத்து, புற்றணுக்களைத் தாக்கும்படி மாற்றி, மீண்டும் உடம்பிலே செலுத்தினார்கள். அணுக்கள் வேலையைச் செய்தன. அளவுக்கு மீறிச் செய்தன. கடுங்காய்ச்சல், மூச்சுக்குக் கருவி வைத்தார்கள், பிழைக்க மாட்டாள் என்ற நிலை. இரத்தத்தைச் சோதித்தபொழுது இன்டர்லியூக்கின்-6 பன்மடங்கு ஏறியிருந்தது. அந்தச் சிகிச்சையை வகுத்த கார்ல் ஜூன் என்ற அறிஞரின் மகளுக்கு இளவயது மூட்டழற்சி இருந்தமையால், இன்டர்லியூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிஸுமாப் என்ற மூட்டு நோய் மருந்து ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். ஜப்பானிலே ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ ஆகியோர் 1986-இல் இன்டர்லியூக்கின்-6-இன் மரபணுவைக் கண்டதன் வழியே பிறந்த மருந்து அது. அதைக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிற்று, சிறுமி கண் விழித்தாள். ஓர் அளவு ஓர் உயிரைக் காத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே மருந்திலே ஒரு வேடிக்கை இருக்கின்றது. டோசிலிஸுமாப் கொடுத்த பிறகு நோயாளி தேறிவரும்பொழுது, இரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6 இன்னும் ஏறும்! காரணம் எளிது. மருந்து தூதைப் பிடிப்பதில்லை. தூதை வாங்கும் வாசலை அடைக்கின்றது. கடிதம் வாங்குவார் இல்லாமல் அஞ்சல் நிலையத்திலே மூட்டை சேர்வது போலத் தூது இரத்தத்தில் தேங்குகின்றது. இன்னொரு புறம், இன்டர்லியூக்கின்-6-இன் கட்டளையால் ஈரல் செய்யும் சி.ஆர்.பி. என்ற புரதம் கீழே விழுந்துவிடும். அப்பொழுது புதிதாக ஒரு கிருமி புகுந்திருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் ஏமாற்றிவிடும். ஒரு தாளில் ஏறும் எண் நன்மை. மற்றதில் இறங்கிய எண்ணை நம்பலாகாது. ஈ.எஸ்.ஆரிலே நான் ஏமாந்தது அத்தனை வெட்கப்படத் தக்கதன்று என்று இதைப் படித்தபொழுது சற்றே ஆறுதல் கொண்டேன்.

கொரோனாப் புயலைப் பற்றியும் ஒரு சொல். 2020-இன் இறுதியில் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடுங் கொரோனா நோயாளரின் இன்டர்லியூக்கின்-6 அளவைவிட, டி அணுச் சிகிச்சையால் கடும் விளைவுக்குள்ளானவர்களிடம் அது ஏறத்தாழ நூறு மடங்கு அதிகமாக இருந்தது. புயல் என்ற பெயரை எல்லாக் காற்றுக்கும் வைத்துவிட்டோமோ என்று அறிஞர் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்பொழுது குழந்தையிடம் வருகின்றேன். அவனுடைய மருத்துவர் இருதலைக் கொள்ளி எறும்பாக இருந்தார். எச்.எல்.எச். நோயைத் தணிக்க வேண்டுமானால் காவற்படையையே அடக்கும் மருந்து கொடுக்க வேண்டும். 1994-இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடித் தொடங்கிய முறையிலே டெக்ஸாமெதஸோன், எட்டோபோசைடு, சைக்ளோஸ்போரின் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். பிறவி நோயுள்ளவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றமும் செய்தார்கள். அதற்கு முன் பெரும்பாலும் இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் உண்மையிலே நடப்பது சாதாரணக் கிருமி நஞ்சேற்றமாக இருந்து, காவற்படையை அடக்கிவிட்டால்? கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். கொடுக்காமல் காத்திருந்து, உண்மையில் எச்.எல்.எச். ஆக இருந்தால்? மூளையிலும் குடலிலும் இரத்தம் கசியும். இரண்டுக்கும் வெளிக்குறி ஒன்றே: விடாக் காய்ச்சல், சரியும் தட்டணுக்கள், தளர்ந்த குழந்தை. சைட்டோகைன் அளவுகள் இங்கேதான் கை கொடுக்கக் கூடியவை. சீனாவின் ஹாங்சோ நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் 2008-இல் ஒரு வேறுபாட்டை எழுதினார்கள். கிருமி நஞ்சேற்றத்தில் இன்டர்லியூக்கின்-6 மிக உயர்ந்து, இன்டர்ஃபெரான் காமா சிறிதே உயர்கின்றது. எச்.எல்.எச். நோயில் இன்டர்ஃபெரான் காமாவும் இன்டர்லியூக்கின்-10-உம் மிக உயர்ந்து, இன்டர்லியூக்கின்-6 அவ்வளவு ஏறுவதில்லை. ஒரு தூதனைக் கேட்டால் தெரியாதது மூவரை ஒருங்கே கேட்டால் தெரிகின்றது.

"அந்தச் சோதனையைச் செய்யலாமே" என்று நான் கேட்டேன். "இங்கே இல்லை, ஐயா. ஏற்பியின் துண்டை அளக்க வெளியூருக்கு அனுப்பியிருக்கிறேன். வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை" என்றார் மருத்துவர். ஆகவே கையில் இருந்த எளிய குறிகளைக் கொண்டே முடிவு செய்தார். 2004-இல் வகுத்த அட்டவணை ஒன்று உண்டு. பின்னர் அதிலே திருத்தங்களும் செய்திருக்கின்றார்கள். எட்டுக் குறிகளில் ஐந்து இருந்தால் நோய் இதுவென்று கொள்ளலாம். காய்ச்சல் ஒன்று. மண்ணீரல் வீக்கம் இரண்டு. தட்டணுக்கள் 38,000-ஆகவும், ஹீமோகுளோபின் ஏழாகவும் குறைந்தது மூன்று. ஃபைப்ரினோஜன் இறக்கம் நான்கு. ஐந்தாவது ஃபெரிட்டின். இது இரும்பைச் சேமிக்கும் புரதம், சைட்டோகைன் அன்று. ஆனால் விழுங்கணுக்கள் வெறி கொண்டால் இரத்தத்தில் பொங்கி வரும். மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் அட்டவணையின் எல்லை. குழந்தைக்கு 16,400 இருந்தது. குழந்தைகளிடத்தில் 10,000-ஐத் தாண்டினால் இந்த நோயைப் பெரிதும் ஐயுற வேண்டும் என்று 2008-இல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டியிருக்கின்றார்கள். பெரியவர்களிடம் அந்த எண்ணுக்கு அவ்வளவு வலிமை இல்லை, ஈரல் நோயிலும் சிறுநீரக நோயிலும்கூட ஏறும். பிறகு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விழுங்கணு ஒன்றின் வயிற்றிலே மூன்று சிவப்பு அணுக்கள் இருப்பதை மருத்துவர் எனக்கும் காட்டினார்.

உண்ணிக் காய்ச்சலுக்குரிய மருந்தைத் தொடர்ந்துகொண்டே டெக்ஸாமெதஸோனைத் தொடங்கினார். "ஐயா, நீங்கள் கணக்கு ஆசிரியர்தானே? ஒரு வேலை செய்யுங்கள்" என்று சொல்லி, அன்றாட எண்களை எனக்குக் கொடுத்தார். நான் வரைபடத் தாள் வாங்கி வந்து நான்கு வண்ணப் பென்சில்களால் நான்கு கோடுகள் இழுத்தேன். காய்ச்சலுக்குச் சிவப்பு, தட்டணுக்களுக்கு நீலம், ஃபைப்ரினோஜனுக்குப் பச்சை, ஃபெரிட்டினுக்குப் பழுப்பு. முதல் இரண்டு நாள் பழுப்புக் கோடு 19,000-க்கு ஏறிற்று. நீலம் 29,000-க்கு இறங்கிற்று. தங்கை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை; நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பழுப்பு 15,000. ஆயினும் நீலம் அசையவில்லை. நான் மருத்துவரைப் பார்த்தேன். "இன்னும் பார்ப்போம்" என்றார். நான்காம் நாள் பழுப்பு 9,000; நீலம் 46,000; பச்சை தலை தூக்கிற்று; சிவப்புக் கோடு முதன்முறையாகச் சாதாரணக் கோட்டைத் தொட்டது. நான்கும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்ன பிறகுதான் அவர் தங்கையின் தோளைத் தொட்டு, "இனிமேல் தேறிவிடுவான், அம்மா" என்றார். ஃபெரிட்டின் விரைவாக இறங்கும் குழந்தைகள் பிழைப்பது மிகுதி என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றை அன்று மாலை எனக்கு எடுத்துக் காட்டினார்.

எட்டாம் நாள் குழந்தை படுக்கையில் உட்கார்ந்து இட்டிலி கேட்டான். பத்தாம் நாள் வெளியூரிலிருந்து சோதனைத் தாள் வந்தது. ஏற்பித் துண்டின் அளவு எல்லையாகிய 2,400-ஐப் பல மடங்கு தாண்டியிருந்தது. நோய் இதுதான் என்று அது உறுதி சொல்லிற்று. ஆனால் அதை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை. இந்தச் சோதனைகள் பெரும்பாலான ஊர்களில் இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. நான்கு மணி நேரத்தில் விடை சொல்லும் கருவி ஒன்று மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் இருந்தால் எத்தனை குழந்தைகளுக்கு உதவும் என்று நான் எண்ணுவதுண்டு. இதைக் கேட்கும் உங்களிலே விஞ்ஞானம் பயில்வோர் யாரேனும் ஒருவர் அதைச் செய்து முடிக்கலாம். இன்டர்ஃபெரானைக் கண்ட ஆண்டிலே லிண்டென்மனுக்கு வயது 33-க்குள்தான்.

அந்த வரைபடத் தாளை மருத்துவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு நகல் என்னிடம் உண்டு. பையன் இப்பொழுது ஆறாம் வகுப்பிலே படிக்கின்றான். புதர்ப் பக்கம் போகக்கூடாது என்று அவன் பாட்டி தடுத்தும் போகத்தான் செய்கின்றான். சென்ற தேர்விலே கணக்கில் 38 மதிப்பெண் வாங்கிவிட்டான். தாளை எடுத்துக்கொண்டு தங்கை என்னிடம் முறையிட வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு முந்தின இரண்டு தேர்வுத் தாள்களையும் எடுத்து வரச் சொன்னேன்.